மன்னிப்பு வாசித்த இடம்

“நடக்கிற வழக்கைப் பற்றி வெளியில் பேசினது நீதிமன்ற அவமதிப்பு. இரண்டு கிழமை சிறை மறியல். வெளியே வந்ததும், எந்தச் சனத்துக்கு முன்னால் பேசினீரோ அதே சனத்துக்கு முன்னால் மன்னிப்பு வாசிக்க வேண்டும்” என்றார் நீதிபதி.

கோணாமலை மறுக்கவில்லை. மீனவர் சங்கக் கூட்டத்தில் முப்பத்தொரு பேருக்கு முன்னால் ஒலிபெருக்கியைப் பிடித்து, “கொலைக்கேசில பிடிபட்ட நாலு சீருடைக்காரனையும் பிணையில விட்டா ஊரையே சுட்டுப்போடுவானுகள்” என்று சொன்னவர் அவர்தான்.

அவர் மறியலுக்குப் போன அன்றைக்கே அந்த நாலு பேருக்கும் பிணை கிடைத்தது.

மறியல் முடிந்த கோணாமலை, தோணியேறி வாவியைக் கடந்து போய் வாசித்தார்: “நான் சொன்னது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்க.”

அடுத்த தவணையில் நீதிமன்றக் கிளாக்கர் கோப்பை விரித்தார்.

“மன்னிப்பு வாசிச்சீங்களா?”

“ஓம் ஐயா.”

“அதே ஆக்கள்தானா?”

“அதே ஆக்கள்தான். முப்பத்தொரு பேரும் இருந்தாங்க.”

“யாரும் குழப்பம் பண்ணல்லையே?”

“வாசிச்சு முடியுமட்டும் ஒருத்தரும் எழும்பல்ல ஐயா.”

கிளாக்கர் எழுதிக்கொண்டே கேட்டார்: “வாசிச்ச இடம்?”

“சவக்காலை ஐயா, அவங்கட புதைகுழிகளுக்கு முன்னால. நான் மறியலுக்குள்ள கிடக்கக்குள்ள, அந்த நாலு பேரும் ஊருக்கு வந்திட்டுப் போயிருக்கானுகள்.”