மூன்று வாரச் சத்தம்

திரையில் அந்தக் கோடு மறுபடியும் எழுந்து நின்றது.

அவள் காதுக்குள் மைக் இருந்தது. ஒலி கேட்டால் உள்காதின் செல்கள் துள்ளும். துள்ளும்போது தாங்களும் மெல்லிய ஒலி ஒன்றைத் திருப்பி அனுப்பும். அதைப் பிடிக்கத்தான் இந்த மெஷின்.

ஆனால் அவள் இன்னும் எந்த ஒலியும் கொடுக்கவில்லை. திரை வெறுமையாக இருக்க வேண்டும்.

மூன்று வாரமாக இதே கூத்து.

மின்விசிறியை நிறுத்தினாள். ஏசியை நிறுத்தினாள். லிப்டையும் நிறுத்தச் சொல்லி, பேராசிரியர் ஒருவரை நான்கு மாடி ஏறவைத்து, வாங்கிக் கட்டிக்கொண்டாள். கோடு அசையவில்லை.

மிச்சம் டெக்னீஷியன் சற்குணம்தான். மெஷினைப் பெட்டியிலிருந்து இறக்கியவர் அவர். கீழே போட்டிருப்பார். போடவே இல்லை என்று அவர் சாதித்தார். அவள் நம்பவில்லை.

அவரைப் பற்றித் துறைத் தலைவருக்கு எழுதிய புகார் அவள் மடியில் இருந்தது. அது சற்குணத்துக்கும் தெரியும். பல்கலைக்கழகத்தில் எதுதான் ரகசியம்?

மூன்று மணிக்கு மெஷினை எடுத்துப்போக வேன் வரும். திரும்பி வர ஆறு மாதம். அவள் ஆராய்ச்சி அவ்வளவுதான். அவர் வேலையும்.

“அனுப்புறதுக்கு முன்னாடி ஒருவாட்டி என் காதுல வெச்சுப் பாருங்க மேடம்,” என்றார் சற்குணம்.

மெஷின் சரியான பிறகு மற்றவர்களைக் கூப்பிடலாம் என்று, அதுவரை தன் காதில் மட்டுமே வைத்துப் பார்த்தவள் அவள். போகிற மெஷின்தானே என்று வைத்தாள்.

கோடு இல்லை.

தன் காதில் வைத்தாள். எழுந்தது.

அவர் காது. இல்லை.

அவள் காது. ஜம்மென்று நின்றது.

சில நல்ல காதுகள் யாரும் தூண்டாமல் தாமாகவே பாடும். படித்திருக்கிறாள். பச்சை மையில் அடிக்கோடு போட்டிருக்கிறாள். ஜூனியர்களுக்கு வகுப்புகூட எடுத்திருக்கிறாள். அது தன் காதாக இருக்கும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. சிரிப்பும் வந்தது.

சற்குணம் மெஷினின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் காது பாடுவதைக் கேட்டார். மூன்று வாரத்தில் முதல் முறையாக அவர் முகம் மலர்ந்தது. திரைப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு ரசித்தார்.

இதுதான் சமயம். மேசைக்கு அடியில் புகாரை இரண்டாகக் கிழித்தாள். அவர் திரும்பவில்லை. நான்காக. எட்டாக. மெள்ள, மெள்ள.

காதில் மைக் இருப்பதை மறந்தே போனாள்.

ஒவ்வொரு கிழிப்புக்கும் திரை துள்ளியது.

சற்குணம் ஹெட்போனைக் கழற்றவில்லை. கடைசித் துண்டு வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

“மெஷினுக்கு ஒரு குறையும் இல்ல மேடம்,” என்றார், திரும்பாமலே.