ரெண்டு பெல்

“மாமா, கையெழுத்துப் போடுங்க. இதைவிடச் சல்லிசா எந்த பிளானும் கிடைக்காது!”

மருமகள் பேனாவைத் திறந்தே நீட்டினாள். டெலிபோன் கம்பெனிக்காரர் மூன்று பிளான்களை டைனிங் டேபிளில் கடைவிரித்திருந்தார். அவள் கண் முதல் பிளான் மேல்தான். மாதம் முழுக்க வெளியூர்ப் பேச்சு இலவசம்!

வெளியூரில் அவளுடைய அம்மா இருக்கிறாள். “சரி, வச்சிடறேன்” என்று சொன்ன பிறகும் அரை மணி நேரம் பேசுகிற ஜோடி அது. இந்த வீட்டிலோ ஐந்தாவது நிமிஷமே மாமா ஹாலில் உட்கார்ந்து இருமத் தொடங்கிவிடுவார்.

மாமா ரிட்டயரான பஸ் டிரைவர். சிக்கனத்தில் புலி. தினமும் காலை ஏழு மணிக்கு அவருடைய பழைய கண்டக்டர் வெளியூரிலிருந்து போன் அடிப்பார். ரெண்டே பெல். கட்! மாமா எடுக்கவே மாட்டார். “ரைட்!” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பதிலுக்கு அந்த நம்பருக்கு ரெண்டு பெல் அடித்துக் கட் பண்ணுவார். பைசா செலவில்லாத நட்பு என்று அவள் அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

“இதுல இன்னொரு வசதி சார்,” என்றார் கம்பெனிக்காரர். “வயசானவங்க போனுக்கு ஓடிவர வேண்டாம். ஒரு பெல் அடிச்சதுமே மெஷின் எடுத்து, சேதியைப் பதிவு பண்ணிக்கும்.”

மாமா பேனாவை மூடினார். “மெஷின் வேண்டாம்.”

“இந்த பிளான்ல அது கட்டாயம் சார்.”

“அப்போ பிளானே வேண்டாம்.”

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மெஷின் எடுத்துட்டா உங்க ஃப்ரெண்டுக்குக் காசு போயிடும், அதானே? நாள் பூரா ஓசியில பேசலாம்னு சொல்லியும் அந்த ரெண்டு பெல்லையே கட்டிட்டு அழுவீங்களா? ஒருநாளாவது அந்த மனுஷன்கிட்ட வாய் நிறையப் பேசினா என்ன குறைஞ்சுடும்?”

மாமா தலையைத் தடவிக்கொண்டார்.

“நான் பேசலாம்மா. அவனால முடியாது. தொண்டையில ஆபரேஷன் பண்ணிக் குரலையே எடுத்துட்டாங்க. தனியா வேற இருக்கான். பஸ்ல ரெண்டு பெல் கொடுத்தா ‘போலாம்’னு அர்த்தம். முப்பது வருஷம் அதைக் கேட்டுத்தான் வண்டியை எடுத்தேன். இப்பவும் அவன் ரெண்டு பெல் கொடுத்தாத்தான் எனக்கு அன்னிக்குப் பொழுதே நகரும். ஒரு பெல்லோட மெஷின் எடுத்துட்டா...”

“ஒரு பெல்லுன்னா?”

“வண்டியை நிறுத்துன்னு அர்த்தம்.”

அவள் சட்டென்று கம்பெனிக்காரர் பக்கம் திரும்பினாள்.

“மெஷின் இல்லாத பிளான் எது?”

“இது மேடம். வாடகை அதேதான். ஆனா வெளியூர்ப் பேச்சு மாசத்துக்கு ஒரு மணி நேரம்தான் இலவசம்.”

ஒரு மணி நேரம்! அம்மாவை நலம் விசாரிக்கவே போதாது. பெருமூச்சு விட்டபடி அதிலேயே டிக் அடித்தாள்.

மறுநாள் காலை ஏழு மணி. மாமா குளித்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

ஒரு பெல். அவள் கரண்டியும் கையுமாக அசையாமல் நின்றாள்.

ரெண்டாவது பெல்!

“மாமா, ரைட்!” என்று குளியலறைப் பக்கம் கத்தினாள். பிறகு அவளே கண்டக்டரின் நம்பரைப் போட்டு, ரெண்டு பெல் கொடுத்து, வைத்தாள்.

அவள் பிறந்ததிலிருந்து பேசிய போன்களிலேயே ரொம்பச் சுருக்கமானது அதுதான்.