பல்லில் இரண்டு வாய்

"உண்மையைச் சொல்லுங்க. யாரோட வாய் இது?"

மனைவி தன் அலுவலக அறைக் கதவைத் தாழிட்டுவிட்டுக் கேட்டாள். குரல் உயரவில்லை. இருபது வருடம் குடும்பம் நடத்தியவருக்கு அதன் அர்த்தம் தெரியும்.

"எந்த வாய்?" என்றார் அவர், புதினா மிட்டாயை இடக் கன்னத்திலிருந்து வலக் கன்னத்துக்குத் தள்ளியபடி. நாலு வருடமாக அந்த மிட்டாய் இல்லாத வாயோடு அவரை யாரும் பார்த்ததில்லை.

அவள் மேசைமேல் கிடந்த ஆய்வு முடிவை விரலால் தட்டினாள். "நீங்க தோண்டி அனுப்பின தாடை. ரெண்டாயிரம் வருஷத்துப் பல்லு. அதுல ரெண்டு வாய் இருக்கு."

தோண்டுவது அவர் வேலை. பல்லில் கல்லாக இறுகிக் கிடக்கும் காறையைச் சுரண்டி, அந்தக் காலத்து வாயில் என்னென்ன கிருமி குடியிருந்தது, நம் வாய்க்கு வருவதற்குள் அது எப்படி மாறியது என்று பார்ப்பது அவள் வேலை. அவளுடைய ஆய்வுக்கூடத்துக்குள் தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டுதான் நுழைய முடியும். மூச்சு பட்டாலே பழைய கிருமியோடு புதுக் கிருமி கலந்துவிடும்.

கலந்திருந்தது.

"இங்க வேலை செய்ற அத்தனை பேர் வாயையும் பார்த்தாச்சு. கூட்டிப் பெருக்குற அக்காவைக்கூட விடலை. யாரோடதும் இல்லை. ஆள் யாருன்னு தெரிஞ்சா அவன் கிருமியைக் கழிச்சுட்டு மிச்சத்தை வச்சுக்கலாம். தெரியலைன்னா அத்தனை பல்லையும் குப்பையில போடச் சொல்லிடுவாங்க. மூணு வருஷ உழைப்பு. உங்க குழியையும் சேர்த்து மூடிடுவாங்க."

"என் ஆளுங்க யாராவது கையுறை போடாம..."

"கை இல்லைங்க. வாய்."

மிட்டாய் மறுபடி இடக் கன்னத்துக்குப் போனது. குழியிலிருந்து எடுத்த அன்றைக்கு, மண் அப்பிய அந்தத் தாடை கல்லா எலும்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை. பழைய தோண்டுகாரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நாக்கில் வைத்தால் கல் வழுக்கும், எலும்பு ஒட்டும்.

ஆய்வு தொடங்கிய அன்றே அவள் அந்த வழக்கத்துக்குத் தடை போட்டு, எல்லோரிடமும் எழுதி வாங்கியிருந்தாள். முதல் கையெழுத்து அவருடையது.

"மிட்டாயைத் துப்பிட்டு வாயைத் திறங்க." பஞ்சு சுற்றிய குச்சியோடு கிட்டே வந்தாள்.

"குச்சியெல்லாம் வேண்டாம்மா. நான்தான். நக்கிட்டேன்."

"எதுக்கு?"

"எலும்பான்னு பார்க்கத்தான். பழக்க தோஷம்."

கூரை இடிந்து தலையில் விழும் என்று காத்திருந்தார். அவள் சிரித்தாள்.

"இதுக்கா திருட்டு முழி முழிச்சீங்க? நல்லவேளை, ஆள் கிடைச்சாச்சு. பல்லெல்லாம் தப்பிச்சுது. ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க."

பெரிய பாரம் இறங்கியது அவருக்கு. 'இரண்டாவது வாய் என்னுடையது' என்று குண்டு குண்டாக எழுதி, கீழே நீளமாக ஒரு கையெழுத்தும் போட்டார்.

"வேற யார் வாயும் படலையே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சத்தியமா என் வாய் மட்டும்தான்." தெம்பாக இன்னொரு மிட்டாயைப் பிரித்தார்.

அவள் அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் பத்திரப்படுத்தினாள். பிறகு ஆய்வு முடிவின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் தள்ளினாள். 'இரண்டாவது வாய்: அன்றாடம் புகைபிடிப்பவருடையது' என்ற வரியைச் சிவப்பு மையில் சுழித்திருந்தாள்.

"அப்போ, நாலு வருஷத்துக்கு முன்னாடி சிகரெட்டை விட்டது யாருங்க?"