தடுமாறினால் முதலிலிருந்து

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் மெரினின் வரவேற்பறைக்குள் மாலை வெயில் சாய்ந்து, ஆறிப்போன தேநீர்க் கோப்பைகளின் விளிம்பில் மினுங்குகிறது. தட்டு நிறைய லாமிங்டன் கேக், யாரும் தொடவில்லை. அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று எல்லாரும் மாற்றி மாற்றிக் காதலிக்கிற ஒரு பழைய நாவலை வாசிப்பு வட்டத்தின் ஆறு பெண்கள் ஆளுக்கொரு பாத்திரமாக வாசிக்கிறார்கள். யார் வீடோ அவர்தான் பாத்திரம் பிரிப்பார். புருஷனைத் தங்கையிடம் பறிகொடுத்த அக்காவின் பாத்திரத்தை மெரின் தன் தங்கை டெஸ்ஸுக்குக் கொடுத்திருக்கிறாள். மெரினின் முன்னாள் கணவன் இப்போது டெஸ்ஸின் வீட்டில்தான் இருக்கிறான். மற்றவர்கள் புத்தகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “என் மேசையில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே என் புருஷன...” டெஸ் மூன்றாவது தடவையாக அதே வரியில் தடுமாறுகிறாள். “அக்கா, போதும்க்கா.” பக்கத்தில் இருக்கும் ஜோன், “பாவம், விட்டுடேன் மெரின்,” என்கிறாள். மெரின் ஒரு லாமிங்டனை எடுத்து நிதானமாகக் கடித்து, விரலில் ஒட்டிய தேங்காய்த்துருவலைத் தட்டிவிடுகிறாள். “தடுமாறினா பக்கத்த முதல்லேருந்து வாசிக்கணும்னு போன வருஷம் உன் வீட்டுல நான் தடுமாறினப்ப என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே விதி போட்டது நீதானடி? வாசி. கொஞ்சம் சத்தமா.”