போளூர்ல வீடு பாத்தாச்சு

புருஷன் இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்கறப்ப எவளாவது வீடு மாத்துவாளா? பிரபா மாத்துனா.

அதுவும் எங்க? பெங்களூர விட்டுட்டுப் போளூருக்கு.

ஜீவனஹள்ளியில எங்க காம்பவுண்டுல ஆறு வீடு. எல்லா வீட்டு ஆளுங்களும் வாசல்ல வந்து நின்னுட்டோம், டெம்போவுல சாமான் ஏறுறதப் பாக்க. கட்டில் ஏறுச்சு, பீரோ ஏறுச்சு. கிரைண்டர் மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு. நல்ல கல்லு, இட்லி பஞ்சு மாதிரி வரும். குடுத்துட்டுப் போறியான்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சரி, அது இப்ப எதுக்கு.

பிரபா புருஷன் கோதண்டராமன் பீன்யாவுல ஒரு பிளேட்டிங் கம்பெனியில வேல பாத்தவரு. ஆசிட் பொகைய இழுத்து இழுத்தே நெஞ்சு போயிடுச்சு. “இனிமே வீட்டுல வெச்சுப் பாத்துக்கோங்க”ன்னு டாக்டர் கைய விரிச்சுட்டாரு. அந்த மனுஷன வாடகைக் காருல, பின் சீட்டுல தலகாணி போட்டுப் படுக்க வெச்சிருந்தா.

“செலவுக்குப் பயந்துக்கிட்டு இழுத்துட்டுப் போறா, பாவி”ன்னு பக்கத்து வீட்டு ராதா என் காதுல சொன்னா. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

ஓனரம்மா அம்புஜம்மாவுக்குத்தான் தாங்கல. நேரா கேட்டே புட்டாங்க.

“ஏ பிரபா, ஒனக்கு அறிவு இருக்கா? இவ்வளவு பெரிய பெரிய ஆஸ்பத்திரி இருக்கற ஊர விட்டுட்டு எவளாவது போவாளா? சின்ன ஊருன்னா என்னன்னு தெரியுமா? நான் திருப்பத்தூர்ல பொறந்தவ, எனக்குத் தெரியும்.”

“சொல்லுங்கம்மா.”

“ராத்திரி மூச்சு வாங்குச்சுன்னா வேலூருக்கு ஓடணும். மருந்துக் கடைய ஒம்போது மணிக்கே சாத்திட்டுப் போயிடுவான். நீ போய் எறங்குன ஒடனே தெருவே வந்து நிக்கும். எந்த ஊரு, என்ன ஆளுங்க, புருஷனுக்கு என்ன சீக்கு, கட்டிக்குடுத்த பொண்ணுக்கு ஏன் இன்னும் கொழந்த இல்ல? எல்லாத்தையும் தோண்டித் தோண்டிக் கேப்பாங்க.”

“கேக்கட்டும்மா.”

“இங்க யாராச்சும் ஒரு வார்த்த கேட்டிருப்போமா?”

“இல்லம்மா. யாரும் கேட்டதில்ல.”

“இங்க இருக்கற சௌகரியம் அங்க வருமா? ஆதிகேசவன் அம்மா விஷயத்துல பாத்தல்ல? ஒரு போனு, எல்லாம் முடிஞ்சுது.”

அதச் சொல்லணும். மாடி வீட்டு ஆதிகேசவனோட அம்மா, போன மழக்காலத்துல ஆஸ்பத்திரியில தவறிப்போச்சு. நல்ல பொம்பள. கருவாட்டுக் கொழம்பு வெச்சாங்கன்னா சர்ச்சுக்குக் கெளம்புற எதிர் வீட்டு அன்னா கூட நம்ம வாசல்ல நின்னு மோந்துட்டுத்தான் போவா. அன்னிக்கு ஓனரம்மாதான் எல்லா ஏற்பாடும். மாலை, ஆம்புலன்ஸ், எல்லாம் போன்லயே. வீட்டுப் பக்கம் வர வேண்டிய அவசியமே இல்ல, நேரா கல்பள்ளி சுடுகாட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்கன்னுட்டாங்க.

அங்க கேட்டுக்கு வெளிய, கொட்டுற மழையில, ஆம்புலன்ஸுக்குள்ளயே மருமகளுங்க தண்ணி ஊத்தி, பொடவ மாத்துனாங்க. ரோட்டுல போறவங்க கண்ணுல படாம இருக்க, கோதண்டராமன்தான் பெட்ஷீட்ட விரிச்சுப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. வீட்டுக்கு வந்து சோத்துல கையே வெக்கலன்னு பிரபா சொன்னா. மழையில நனஞ்சதுல காய்ச்சல்னு நெனச்சேன்.

எங்கயோ போயிட்டேன். டெம்போவுல கயிறு கட்டியாச்சு. கார் டிரைவர் ஹாரன் அடிக்கிறான். “பேக பன்னி அம்மா”ன்னு கன்னடத்துல அவசரப்படுத்துறான், சீக்கிரம் வாங்கன்னு.

ஓனரம்மா விடல. புதுசா பெயிண்ட் அடிச்ச செவுத்துல ஒரு கைய ஊனிக்கிட்டு கேள்வி மேல கேள்வி.

“போய் வீடு பாத்தியே, தண்ணி வருதான்னு கேட்டியா?”

“கேக்கலம்மா.”

“கரண்டு போகுமான்னு?”

“இல்லம்மா.”

“பக்கத்துல டாக்டராவது இருக்காரான்னு?”

“கேக்கலம்மா.”

“அடக் கடவுளே! சீக்காளி மனுஷன வெச்சுக்கிட்டு ஒண்ணுமே கேக்காமயா அட்வான்ஸ் குடுத்த? என்ன பொம்பள நீ? அப்ப என்னதான் கேட்ட?”

ராதா என் கைய கிள்ளுனா. நல்லா வேணும்னு.

பிரபா கார் பக்கம் ஒரு தடவ திரும்பிப் பாத்தா. கண்ணாடி ஏத்தித்தான் இருந்துச்சு. இருந்தாலும் கொரலத் தணிச்சா.

“இவரு கேக்கச் சொன்னத மட்டும்தாம்மா கேட்டேன். அன்னிக்கு அந்தப் பெட்ஷீட்டப் புடிச்சதுலேந்து இவருக்கு அதே நெனப்பு. மூச்சு நின்னா வீட்டுக்குள்ள கொண்டாந்து படுக்க வெச்சு, குளுப்பாட்டி அனுப்ப விடுவாங்களான்னு. மொதல்ல உங்ககிட்டதான கேட்டேன்? ‘இப்பதான் பெயிண்ட் அடிச்சிருக்கேன், அப்புறம் எவன் குடி வருவான்’னு சொன்னீங்க.”

ஓனரம்மா செவுத்துலேந்து கைய எடுத்தாங்க.

“அங்கயும் ரெண்டு எடத்துல கதவ சாத்திட்டாங்கம்மா. மூணாவது வீட்டுல ஒரு வயசான அம்மா. கேட்டதும் என்னைய ஒரு மாதிரியா பாத்தாங்க.”

“என்ன சொன்னாங்க?”ன்னு நான்தான் கேட்டேன்.

பிரபா கார் கதவத் தொறந்து, புருஷன் தலைய மெதுவா தூக்கி மடியில வெச்சுக்கிட்டா.

“‘அவரு வீட்டுக்கு அவரு வர்றதுக்கு, என்னைய எதுக்கும்மா கேக்கற?’ன்னாங்க.”