வெறும் தண்ணீர் குடித்தவள்

ஆய்வுக்கூடத்தில் அடுத்தடுத்த கூண்டுகளில் இரண்டு வெள்ளெலிகள் இருந்தன. இரண்டும் பிள்ளைத்தாய்ச்சிகள். புது மருந்து ஒன்று கருவை என்ன செய்யும் என்று பார்ப்பதற்காக, நீலியின் வாயில் தினமும் குழாய் வைத்து அந்த மருந்தை ஊற்றினார்கள். பஞ்சிக்கும் அதே குழாய்தான். ஆனால் உள்ளே போனது வெறும் தண்ணீர். அது அவளுக்கும் தெரியும்.

"அக்கா, வயித்துல அசைவே தெரியலையே," என்று நீலி அழுவாள்.

"எல்லாம் அவங்கவங்க தலையெழுத்துடி," என்பாள் பஞ்சி. உள்ளூர அவளுக்கு ஒரு நிம்மதி. நீலியின் காற்றுகூடத் தன்மேல் படக்கூடாதென்று, பஞ்சையெல்லாம் இழுத்துக்கொண்டு போய் எதிர்மூலையில் கூடு கட்டினாள்.

"கம்பி வழியா எனக்கும் கொஞ்சம் பஞ்சு தள்ளுக்கா."

"உனக்கு எதுக்குடி கூடு?"

பிரசவத்துக்கு முந்தின நாள் காலையில் ஒரு கை வந்து கூண்டைத் திறந்தது. முதலில் தூக்கியது பஞ்சியைத்தான்.

"ஐயோ, ஆள் மாறிப்போச்சு! மருந்து குடிச்சவ அவ. எனக்கு வெறும் தண்ணிதானே!" என்று அவள் கத்தினாள்.

தட்டில் கிடந்த கத்தரிக்கோல் சலித்துக்கொண்டது. "தெரியும்மா. அவ பிள்ளைங்க கெட்டுப்போச்சான்னு எதை வெச்சுச் சொல்றது? பக்கத்துல வெச்சுப் பார்க்க நல்ல பிள்ளைங்க வேணாமா?"

பக்கத்துக் கூண்டின் கம்பியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "அக்கா... அக்கா..." என்று நீலி கதறினாள்.

பஞ்சியின் வயிற்றில் குட்டிகள் அத்தனையும் நன்றாகத் துள்ளிக்கொண்டிருந்தன.