கட்டைவிரலுக்குக் கீழே இருந்த வருடம்

சான்றிதழ் சரிபார்க்கும் அறையில் மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றுகிறது. குடிநீர் வாரியத்தில் நிரந்தர வேலை கேட்டு வந்திருப்பவள் பத்தாம் வகுப்புச் சான்றிதழை மேசைமேல் வைத்துவிட்டாள். கையை மட்டும் எடுக்கவில்லை. கட்டைவிரல் பிறந்த வருடத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது. மறைத்து என்ன, எதிரே இருக்கும் எழுத்தரம்மாவின் கணினியில் அது எப்போதோ ஏறிவிட்டது. "வயசு வரம்பு முப்பத்தஞ்சு. உங்களுக்கு முப்பத்தொம்பது ஆகுதேம்மா." அவள் கட்டைவிரல் இன்னும் அழுந்துகிறது. எழுத்தரம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். "நம்ம வாரியத்துல தினக்கூலியா இருந்திருக்கீங்களா?" வீடு வீடாக மீட்டர் பார்த்த ஆறு வருடத்துக்கான சான்று, கௌரவக் குறைச்சல் என்று கோப்பின் அடியில் ஒளித்துவைத்தது, தயங்கித் தயங்கி வெளியே வருகிறது. அதைப் படித்துவிட்டு எழுத்தரம்மா விதிப் புத்தகத்தைப் புரட்டி, பொடி எழுத்தில் ஓடும் ஒரு வரியின் கீழே அளவுகோலை வைக்கிறார். "தினக்கூலியா உழைச்ச வருஷத்தை வயசுல கழிச்சுக்கலாம். ஆறு போனா முப்பத்திமூணு. இதைப் போய் யாராவது அடியில வைப்பாங்களா?" முத்திரைக் கட்டை மையில் ஒற்றி எழுகிறது. "விரலை எடுங்கம்மா, முத்திரை வைக்கணும்." அவள் எடுக்கிறாள். பிறந்த வருடத்தின்மேல் வியர்வை ஒரு வட்டமாக மின்னுகிறது. மின்விசிறிக் காற்றில் அது காயும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.